வேலை ஆஸ்பத்திரியில, சம்பளம் வேற கம்பெனியில: நடுவுல போற 18% யாரோட காசு?

உங்க கையில ஒரு ஆஃபர் லெட்டர் இருக்குன்னு வச்சுக்கோங்க. வேலை பார்க்கப் போற இடம் கோயம்புத்தூர்ல ஒரு முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரி. வேலை ஐ.டி. சப்போர்ட். ஆனா லெட்டரோட தலைப்புல ஆஸ்பத்திரி பேர் இல்லை. நீங்க கேள்விப்படாத ஒரு கம்பெனி பேர் இருக்கு. உள்ளே 'கிளையன்ட் சைட்', 'பதினொரு மாத ஒப்பந்தம்' மாதிரி வார்த்தைகள் வருது. சம்பளம் பரவாயில்லைன்னு தோணுது.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை யோசிங்க. அந்த ஆஸ்பத்திரி உங்களை ஏன் நேரடியா வேலைக்கு எடுக்கலை? இது மேனேஜ்மென்ட் விஷயம், நமக்கு எதுக்குன்னு விட்டுடாதீங்க. அந்தப் பதிலுக்குள்ளதான் உங்க சம்பளத்துல ஒரு பங்கு இருக்கு.

ஆஸ்பத்திரிக்காரங்க பக்கத்தையும் நியாயமா பார்க்கணும். ஒரு டிப்ளமோ பையனையோ பி.எஸ்சி. பொண்ணையோ எடுத்து, பில்லிங் சாஃப்ட்வேர், லேப் மெஷின் இணைப்பு, ஸ்கேன் படங்கள் போற சர்வர்னு ரெண்டு வருஷம் கத்துக் கொடுப்பாங்க. கத்து முடிச்சதும் அவங்க சரவணம்பட்டிக்கோ கீரணத்தத்துக்கோ பீளமேடு டைடல் பார்க்குக்கோ போயிடுவாங்க. போறவங்க மேல தப்பு இல்லை, சம்பளம் அங்கதான் ஏறுது. ஆஸ்பத்திரி மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம் காப்பீட்டு கிளெய்ம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அனுமதி, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே கம்ப்யூட்டர்ல. சிஸ்டம் ஒரு மணி நேரம் நின்னா டிஸ்சார்ஜ் நிக்கும், டிஸ்சார்ஜ் நின்னா படுக்கை காலியாகாது, கீழே எமர்ஜென்சியில ஆள் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஆள் நிலைக்க மாட்டேங்குது, செலவும் ஏறுது, ஆனா சிஸ்டம் மட்டும் நிக்கவே கூடாது. இந்த நெருக்கடியில ஒரு நிர்வாகி 'வெளியில கொடுத்துடலாம்'னு சொன்னா அதுல ஆச்சரியம் இல்லை.

பிரச்சினை என்னன்னா, 'வெளியில கொடுக்கறது'ங்கற ஒரே வார்த்தையில ரெண்டு வேற வேற வியாபாரம் இருக்கு.

வீடு கட்டினவங்க யாராவது உங்க குடும்பத்துல இருந்தா இது உடனே புரியும். லேபர் கான்ட்ராக்ட்ல மேஸ்திரி ஆள் கொண்டு வருவார். சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் உங்க பொறுப்பு, சுவர் கோணினாலும் கடைசியில உங்க தலைவலிதான். ஃபுல் கான்ட்ராக்ட்ல சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி சாவியை வாங்கிக்கலாம். கோணினா அவர்தான் இடிச்சுக் கட்டணும். ஆஸ்பத்திரி ஐ.டி.யிலயும் இதே கதைதான். ஒரு ஏஜென்சி கிட்ட ஆறு பேரை வாங்கி உட்கார வைக்கறது அவுட்சோர்சிங். சொல்லப்போனா அது ஆள் வாடகை. சர்வர், நெட்வொர்க், பேக்கப், ஹெல்ப் டெஸ்க் எல்லாத்தையும் ஒரு கம்பெனி பொறுப்பெடுத்து, மாசக் கட்டணம் வாங்கி, இத்தனை நிமிஷத்துல சரி பண்ணித் தருவேன், இல்லைன்னா பணத்துல பிடிச்சுக்கோன்னு எழுதிக் கொடுக்கறது மேனேஜ்டு சர்வீஸ். முதல்ல நீங்க வாங்கறது ஆள்; ரெண்டாவதுல வாங்கறது பொறுப்பு.

என் கருத்தை இங்கயே சொல்லிடறேன். நம்ம ஊர் நடுத்தர ஆஸ்பத்திரிக்கு ஆள் வாடகை மாதிரி மோசமான ஏற்பாடு வேற இல்லை. ஆஸ்பத்திரிக்கும் நஷ்டம், அங்க உட்கார்ந்திருக்கற உங்களுக்கும் நஷ்டம். ஏன்னு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். நோயாளிக்கு அது நல்லது. ஆனா அதுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. விற்கற சேவைக்கு வரி இல்லைன்னா, வாங்கற சேவைக்குக் கட்டின வரியைத் திரும்ப எடுத்துக்க முடியாது. ஒரு பம்ப்செட் கம்பெனி ஏஜென்சிக்கு 18% ஜி.எஸ்.டி. கட்டினா, தான் விற்கற மோட்டாரோட வரியில அதைக் கழிச்சுக்கும். ஆஸ்பத்திரியால அப்படி முடியாது. வெளிநோயாளிக்கு விற்கற மருந்து மாதிரி வரி உள்ள வருமானத்துக்கு ஏத்த ஒரு சின்னப் பங்கு கிடைக்கலாம். மீதி 18% சுத்த செலவு. நேரடியா சம்பளம் கொடுத்தா இந்த வரியே கிடையாது, ஏன்னா சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இப்போ ஒரு உதாரணம். எண்கள் கணக்குப் புரியறதுக்காக நான் வச்சது. ஒரு ஐ.டி. ஊழியருக்கு ஆஸ்பத்திரி பி.எஃப். பங்கு எல்லாம் சேர்த்து மாசம் 30,000 ரூபாய் செலவு பண்ணுது. அதே ஆள், அதே 30,000, ஆனா ஏஜென்சி வழியா வந்தா? ஏஜென்சி 10% லாபம் வைக்கும்: 33,000. அதுக்கு 18% வரி: 5,940. மொத்தம் 38,940 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாய் அதிகம். அப்புறம் எப்படி 'செலவு மிச்சம்'னு பவர்பாயின்ட்ல காட்டறாங்க?

தலைகீழா போட்டுப் பாருங்க. ஆஸ்பத்திரி அந்த 30,000-ஐத் தாண்ட மாட்டேன்னு நின்னா, வரி போக ஏஜென்சிக்குக் கிடைக்கறது சுமார் 25,424. லாபம் போக உங்களுக்கு வர்றது சுமார் 23,100. மாசம் 6,900 ரூபாய் உங்க பக்கத்துல இருந்து கிளம்பி, பாதிக்கு மேல அரசாங்கத்துக்கும் மீதி ஏஜென்சிக்கும் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு இதுல ஒரு பைசா மிச்சம் இல்லை. மிச்சம் காட்டணும்னா உங்க 23,100-ஐ இன்னும் கீழே இறக்கணும். அதைத்தான் பல இடத்துல செய்யறாங்க. அந்த 6,900-ஐ மாசாமாசம் எஸ்.ஐ.பி.யில போட்டு 12% வளர்ச்சின்னு ஒரு அனுமானம் வச்சா, பத்து வருஷத்துல சுமார் 16 லட்சம். 12% உத்தரவாதம் இல்லைன்னு வழக்கம்போல சொல்லிடறேன்.

'அப்படின்னா டைடல் பார்க்ல அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங்கும் கோடிங்கும் பண்ற கம்பெனிகள் எப்படி ஓடுது?'ன்னு கேட்கலாம். அது ஏற்றுமதிங்க. ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம், உள்ளே கட்டின வரியும் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவுல டாலர்ல கொடுக்கற சம்பளத்துக்கும் இங்க ரூபாயில கொடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசத்துல லாபம் வருது. அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரிக்கும் அவினாசி ரோட்டு ஏஜென்சிக்கும் நடுவுல அந்த வித்தியாசம் எங்க இருக்கு? ரெண்டு பேரும் ஒரே ஊர்ல, ஒரே காலேஜ்ல படிச்ச ஒரே பையனைத்தான் தேடறாங்க. ஒரு தேசத்துக்கும் இன்னொரு தேசத்துக்கும் நடுவுல வேலை செஞ்ச மாடலை ஒரே பின்கோடுக்குள்ள கொண்டு வந்தா, மிஞ்சறது வரியும் கமிஷனும்தான்.

சரி, அப்போ எல்லாத்தையும் ஆஸ்பத்திரியே சொந்தமா வச்சுக்கணுமா? அதுவும் முடியாது. இங்கதான் மேனேஜ்டு சர்வீஸுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கு.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் 48 மணி நேரம் வேலை பார்த்தா, ஒரே ஒரு நாற்காலியை ராத்திரி பகலா நிரப்பி வைக்க மூணரை ஆள் வேணும். லீவு, பண்டிகை, காய்ச்சல் சேர்த்தா நாலரை, அஞ்சு. நெட்வொர்க் பாதுகாப்பைக் கண்காணிக்கற ஒரு நாற்காலிக்கு அஞ்சு அனுபவசாலிகளைச் சம்பளம் கொடுத்து வைக்க ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி அளவு ஆஸ்பத்திரியால முடியாது. வச்சாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்களுக்கு வேலை இருக்காது, சலிச்சுப் போய் வேற இடம் பார்ப்பாங்க. அதே அஞ்சு பேரைப் பத்து ஆஸ்பத்திரிகள் பங்கு போட்டுக்கிட்டா செலவு தாங்கும். 18% வரி சேர்ந்தாலும் தாங்கும். பெங்களூரு நாராயணா ஹெல்த் 'ஆத்மா'ன்னு தன் சாஃப்ட்வேரைத் தானே உருவாக்கினாங்க. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் வச்சிருக்கறவங்களுக்கு அது கட்டுபடியாகும். ஒத்தை ஆஸ்பத்திரி அந்த வழியில போக முடியாது.

ராத்திரிக் காவல் இல்லைன்னா என்ன ஆகும்னு டெல்லி எய்ம்ஸ் காட்டிடுச்சு. 2022 நவம்பர் 23-ம் தேதி ரான்சம்வேர் தாக்குதல். அஞ்சு சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதுன்னு அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொன்னது. காரணம் நெட்வொர்க்கை ஒழுங்கா பிரிச்சு வைக்காதது. ஓ.பி. சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் நாள்கணக்குல பேனாவும் பேப்பரும்தான். பாதிக்கப்படாம தப்பின ஒரு பேக்கப் சர்வர்ல இருந்துதான் இ-ஹாஸ்பிடல் தகவலை மீட்டாங்க. நாட்டோட முதல் ஆஸ்பத்திரிக்கே இந்த நிலைமைன்னா, மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம்ல சர்வர் வச்சு, பேக்கப் எடுக்கற ஹார்ட் டிஸ்க்கையும் அதே ரூம்ல வச்சிருக்கற ஆஸ்பத்திரியைப் பத்தி என்ன சொல்ல? அதோட, இப்படி ஒரு சம்பவம் தெரிஞ்சதும் ஆறு மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் சொல்லணும்னு 2022 ஏப்ரல்லயே உத்தரவு வந்தாச்சு. கெடு தெரிஞ்ச நேரத்துல இருந்துதான் ஓடும்; ஆனா ராத்திரி பன்னிரண்டுக்கு நடந்ததைக் காலையில ஒன்பது மணிக்கு வர்றவர்தான் பார்ப்பார்னா, அதுவரைக்கும் தாக்குதலைத் தடுக்க ஆளே இல்லை.

அதனால சர்வர், பேக்கப், ராத்திரிக் கண்காணிப்பு, பாதுகாப்பு இதெல்லாம் மேனேஜ்டு சர்வீஸுக்குப் போகட்டும். ஆனா வார்டைத் தெரிஞ்ச ஆள் ஆஸ்பத்திரியோட சொந்தச் சம்பளத்துல இருக்கணும். காலையில பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ் நெரிசல்ல எந்த பிரின்டர் முதல்ல ஓடணும், லேப்ல பார்கோடு லேபிள் மாறி ஒட்டினா யாருக்கு போன் பண்ணணும், எந்த டாக்டர் பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டுவார். இதெல்லாம் டிக்கெட் நம்பர்ல வராது. இந்த அறிவை ஏஜென்சி ஆள்கிட்ட விட்டுட்டு, பதினொரு மாசத்துல அவரை மாத்திட்டு, அப்புறம் 'ஐ.டி. டீம் சரியில்லை'ன்னு சொல்ற நிர்வாகங்கள் மேல எனக்கு இரக்கம் வர்றதில்லை.

மேனேஜ்டு சர்வீஸ்காரங்க சொல்றதையும் அப்படியே நம்பக் கூடாது. 99.5% அப்டைம்னு பெருசா போட்டிருப்பாங்க. மாசத்துக்கு 720 மணி நேரம். அதுல அரை சதவீதம் 3.6 மணி நேரம். அந்த மூணரை மணி நேரம் ஞாயித்துக்கிழமை விடியக்காலையா, திங்கட்கிழமை காலை ஒன்பதுல இருந்து பன்னிரண்டரையா? ஒப்பந்தத்துல அது இல்லைன்னா ரெண்டும் ஒண்ணுதான். 'பதினஞ்சு நிமிஷத்துல ரெஸ்பான்ஸ்'னு போட்டிருக்கும். ரெஸ்பான்ஸ்னா உங்க டிக்கெட்டைப் பார்த்தோம்னு ஒரு மெயில். சரி பண்றதுக்கு எவ்வளவு நேரம்ங்கறது வேற வரி. அந்த வரி இருக்கான்னு தேடணும்.

கம்பெனியும் நிரந்தரம் இல்லை. டெல்லியோட மேக்ஸ் ஹெல்த்கேர் 2009-ல பெரோட் சிஸ்டம்ஸோட பத்து வருஷ ஐ.டி. ஒப்பந்தம் போட்டாங்க. அதே வருஷம் பெரோட்டை டெல் வாங்கிடுச்சு. 2016-ல அந்தப் பிரிவை டெல் ஜப்பானோட என்.டி.டி. டேட்டாவுக்கு வித்துடுச்சு. பத்து வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை முதலாளி மாற்றம், ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியை யாரும் கேட்டுச் செய்யலை. நாளைக்கு உங்க ஊர் கம்பெனியை யாரோ வாங்கினா, தகவலை எந்த வடிவத்துல, எத்தனை நாள்ல திருப்பித் தரணும்னு முதல் நாளே எழுதி வைக்காத ஆஸ்பத்திரி மாட்டிக்கும்.

பொறுப்பை எவ்வளவு தூரம் வெளியில தள்ளலாம்ங்கறதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. திருப்பூர் ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரோட ஒன்றரை லட்சம் நோயாளிகள் தகவல் இணையத்துல விலைக்கு வந்ததா 2022 டிசம்பர்ல கிளவுட்செக் நிறுவனம் சொன்னது. விலை 100 டாலர்ல ஆரம்பம். 2007-ல இருந்து 2011 வரைக்குமான பழைய பதிவுகள். கசிவு ஒரு வெளி நிறுவனம் வழியா நடந்திருக்கலாம்னு அவங்க கணிச்சாங்க. ஆனா பேப்பர்ல தலைப்பா வந்தது ஆஸ்பத்திரி பேர்தான். இப்போ சட்டமும் அப்படித்தான் சொல்லுது. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை யார்கிட்ட கொடுத்திருந்தாலும் பொறுப்பு தகவலைச் சேகரிச்சவங்களுக்குத்தான். பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகும். விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, முக்கியமான கடமைகள் பதினெட்டு மாசம் கழிச்சு அமலுக்கு வருது. இது தெரிஞ்ச ஆஸ்பத்திரி உள்ளே நாலு நல்ல ஆளை வச்சுக்கத் தேடும். உங்களுக்குப் பேரம் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இனி உங்க ஆஃபர் லெட்டருக்கு வருவோம்.

முதல்ல அது எந்த வகைன்னு கண்டுபிடிங்க. இன்டர்வியூல நேரா கேளுங்க: 'ஆஸ்பத்திரி உங்களுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கொடுக்குதா, இல்லை சர்வீஸுக்கு இவ்வளவுன்னா?' தலைக்குன்னா நீங்கதான் அங்க சரக்கு. உங்க சம்பளம் ஏறினா ஏஜென்சி லாபம் குறையும், அதனால ஏத்த மாட்டாங்க. சர்வீஸுக்குன்னா உங்க திறமை ஏற ஏற அவங்களுக்கு ஆள் குறைவா போதும். சம்பளம் ஏறவும் வழி இருக்கு, ஒரே சமயம் அஞ்சாறு ஆஸ்பத்திரி சிஸ்டத்தைப் பார்க்கற அனுபவமும் கிடைக்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம்னா கொஞ்சம் நிதானிங்க. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருஷம் முடிஞ்சாலே கிராஜுவிட்டி உண்டு. முன்னாடி மாதிரி அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம். பதினொரு மாசத்துல முடிச்சு, நாலு நாள் இடைவெளி விட்டு, மறுபடியும் புது லெட்டர் கொடுக்கறதோட அர்த்தம் இப்போ புரியுதுங்களா?

பி.எஃப். பாஸ்புக்கை மூணாவது மாசமே உமங் ஆப்ல திறந்து பாருங்க. ஏஜென்சி கட்டாம விட்டிருந்தா, பிரின்சிபல் எம்ப்ளாயர்ங்கற முறையில ஆஸ்பத்திரியையும் கேட்க உங்களுக்கு வழி உண்டு. சம்பளமும் அப்படித்தான்: ஏஜென்சி தராம ஓடினா, வேலை வாங்கின இடம் கொடுக்கணும்ங்கறது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல இருந்தே இருக்கு, புதிய தொகுப்புலயும் இருக்கு. அதுக்காகவே அட்டெண்டன்ஸ், ஷிப்ட் பட்டியல் எல்லாத்துக்கும் ஒரு போட்டோ உங்க போன்ல இருக்கட்டும். அதுல நோயாளி விவரம் எதுவும் விழாம பார்த்துக்கோங்க.

மெடிக்கல் விஷயத்தையும் கணக்குல சேருங்க. சொந்த ஊழியர்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் சிகிச்சையில சலுகை தர்ற ஆஸ்பத்திரிகள் உண்டு. ஏஜென்சி ஊழியருக்கு அது பெரும்பாலும் வராது. மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா உங்களுக்கு இ.எஸ்.ஐ.; முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு, அம்மாவுக்கு முடியலைன்னா சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ.க்கு பஸ் ஏறணும். இ.எஸ்.ஐ. மோசம்னு சொல்லலை. ஆனா ரெண்டு ஆஃபரை ஒப்பிடறப்போ, அந்தச் சலுகைக்கும் ஒரு விலை போட்டுப் பாருங்க.

என்கிட்ட கேட்டா: ஆஸ்பத்திரி நேரடியா 26,000 கொடுத்து, ஏஜென்சி அதே வேலைக்கு 28,000 கொடுத்தாலும் நான் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் நிப்பேன். மேனேஜ்டு சர்வீஸ் கம்பெனி 26,000 கொடுத்து, பாதுகாப்பு டீம்ல உட்கார வச்சா, நைட் ஷிப்ட்டா இருந்தாலும் அங்க போய் மூணு வருஷம் கத்துக்குவேன். ஏஜென்சி லெட்டர் மட்டும்தான் கையில இருக்குன்னா, அதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்; வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். சேர்ந்த நாள்ல இருந்து அந்த ஆஸ்பத்திரியோட ஐ.டி. மேனேஜருக்கு உங்க பேர் தெரியற மாதிரி வேலை செய்யுங்க. லெட்டர்ல 'கிளையன்ட்டிடம் ரெண்டு வருடத்துக்கு வேலைக்குச் சேரக் கூடாது'ன்னு ஒரு வரி இருக்கான்னு மட்டும் கையெழுத்துக்கு முன்னாடி தேடிப் பாருங்க. அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல இருக்கும்.